குறுக்கே போகிறவர்களின் வீதி

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவியர் சங்கச் செயற்குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நூற்றாண்டு விழா மேடையில் வீதியைப் பற்றி என்ன பேச்சு என்று நீங்கள் நினைக்கலாம். நமது பாடசாலையின் வாசல் ஏ9 வீதிக்குத்தான் திறக்கிறது. இங்கே படித்த ஒவ்வொருத்தியும் காலையில் ஒருமுறை, மணி அடித்த பிறகு ஒருமுறை அந்த வீதியை எதிர்கொண்டவள். கணிதமும் தமிழும் நம்மில் சிலருக்கு வரவில்லை. வீதியைக் கடக்கும் பாடத்தில் மட்டும் எல்லோரும் சித்தியடைய வேண்டியிருந்தது. ஆகவே இந்த மேடையில் அதற்கும் ஓர் இடம் உண்டு.

கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். வன்னியில் ஊர்கள் இந்த வீதியை ஒட்டியே வளர்ந்தன. ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் என்று பஸ் நடத்துனர் கூப்பிடும் வரிசையே நமக்குப் புவியியல் பாடம். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டதும் இந்த வீதி அறுந்தது. யாழ்ப்பாணத்துச் சனங்கள் கிளாலிக் கடலில் வள்ளமேறி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். 1997 மே 13இல் தொடங்கிய ஜெயசிக்குறு நடவடிக்கை இந்த வீதியைப் பிடிப்பதற்காகவே நடந்தது. அந்த நாட்களில் இடம்பெயர்ந்து வந்து நமது வகுப்பறைகளில் நெருங்கி உட்கார்ந்து படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். 2002இல் சமாதான காலத்தோடு வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் முகமாலையில் மறுபடி மூடியது. போர் முடிந்த பின்னரே கொஞ்சம் கொஞ்சமாக எல்லோருக்கும் திறந்தது.

அதன் பிறகு சீனக் கடனுதவியோடு வீதி புனரமைக்கப்பட்டது. கிடங்கும் பள்ளமுமாய்க் கிடந்த வீதி காப்பெட் வீதியானது. புகையிரதமும் 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் திரும்பிப் போனது. இதையெல்லாம் குறைவாக மதிப்பிடுகிறவர்கள் நாங்கள் அல்ல. வீதி மூடிக் கிடந்தால் என்ன ஆகும் என்பது நமக்குத் தெரியும். மருந்து வராது, பாடப்புத்தகம் வராது, பிரசவ வலியோடு இருப்பவளை ஏற்றிப்போக வாகனம் வராது. நல்ல வீதி உயிர் காக்கும். அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் அடுத்த விடயத்துக்கு வருகிறோம்.

ஒரு வீதியை இரண்டு விதமாகப் பாவிக்கிறோம். ஒருவர் அதன் நீளத்துக்குப் போகிறார். இன்னொருவர் அதைக் குறுக்கே கடக்கிறார். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ், கல் ஏற்றிய டிப்பர், கட்டுநாயக்காவிலிருந்து வரும் வான் எல்லாம் நீளத்துக்குப் போகின்றவை. பாடசாலைப் பிள்ளை, சந்தைக்குப் போகும் அம்மா, கிளினிக்குக்குப் போகும் ஆச்சி, வயலுக்குப் போகும் மாடு எல்லாம் குறுக்கே கடப்பவை. வீதியை அகலமாக்க வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் நீளத்துக்குப் போகிறவர்களின் நேரம்தான் கணக்கில் வருகிறது. குறுக்கே போகிறவர்களின் நேரத்தை எவரும் கணக்கெடுப்பதில்லை.

ஆகவே அந்தக் கணக்கை இங்கே போட்டுப் பார்ப்போம். ஒரு வழித்தடம் ஏறத்தாழ மூன்றரை மீற்றர். போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று என்றால் 7 மீற்றர். புத்தகப்பையைச் சுமந்த சிறு பிள்ளை செக்கனுக்கு ஒரு மீற்றர் நடப்பாள் என்று வைத்தால், கடக்க 7 செக்கன் வேண்டும். மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் அந்த 7 செக்கனில் 136 மீற்றர் ஓடிவிடும். அதே வீதியை நான்கு வழித்தடமாக அகட்டினால் 14 மீற்றர், 14 செக்கன். வாகனம் அதற்குள் 270 மீற்றருக்கு மேல் வந்துவிடும். கால் கிலோமீற்றருக்கு அப்பால் புள்ளியாகத் தெரியும் ஒரு வாகனத்தின் வேகத்தைப் பத்து வயதுப் பிள்ளை மதிப்பிட வேண்டும். பெரியவர்களுக்கே அது முடியாத வேலை.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. ஒரு பக்கத்தில் இரண்டு தடம் இருக்கும் வீதியில், பிள்ளையைக் கண்டு முதல் தடத்தில் ஒரு பஸ் நிற்கும். பிள்ளை நன்றி சொல்லும் முகத்தோடு இறங்கி நடப்பாள். பஸ் ஏன் நிற்கிறது என்று தெரியாமல், அதைத் தாண்டி இரண்டாவது தடத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வரும். பஸ்ஸின் மறைவில் பிள்ளை அவனுக்குத் தெரியாது, அவன் பிள்ளைக்குத் தெரியாது. கடவையிலேயே பிள்ளைகள் மோதுண்ட செய்திகளைப் பத்திரிகையில் படிக்கும்போது, அந்தப் பிள்ளை சட்டப்படி சரியான இடத்தில்தான் நின்றாள் என்பதை நினைத்து மனம் கொதிக்கிறது.

நிறுத்தும் தூரத்தையும் பார்ப்போம். சாரதி கண்டு, உணர்ந்து, பிரேக்கில் காலை வைக்க ஒரு செக்கன் என்று கொள்ளுங்கள். வீதி காய்ந்திருந்து பிரேக்கும் நன்றாக இருந்தால், 30 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கார் 13 மீற்றரளவில் நின்றுவிடும். 50இல் வந்தால் 28 மீற்றர் வேண்டும். 70இல் வந்தால் 46 மீற்றர். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடிக்கும் தூரம் நான்கு மடங்காகும் என்று நமது பௌதிகவியல் ஆசிரியை கரும்பலகையில் எழுதியது இதைத்தான். மழை பெய்த வீதியில், மணல் ஏற்றிய டிப்பருக்கு இந்த எண்கள் இன்னும் கூடும்.

இவ்வளவு ஆபத்துக்கும் ஈடாக என்ன கிடைக்கிறது? நகருக்குள் 3 கிலோமீற்றரை 70இல் போனால் ஏறத்தாழ இரண்டரை நிமிடம். நகர எல்லைக்குள் விதிக்கப்பட்ட 50இல் போனால் மூன்றரை நிமிடம். வித்தியாசம் ஒரே ஒரு நிமிடம். கொழும்பிலிருந்து ஆறு, ஏழு மணித்தியாலம் பயணப்பட்டு வருகிறவருக்கு அந்த ஒரு நிமிடம் பெரிதல்ல. வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அது உயிர்.

அப்படியானால் நகரத்தில் நெரிசல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. காலை ஏழரைக்கும் மாலை ஐந்துக்கும் வவுனியா நகருக்குள் அகப்பட்டவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. இங்கே ஏ9 மட்டும் போகவில்லை. ஹொரவப்பொத்தானை வீதியும் மன்னார் வீதியும் இந்த நகரத்தில்தான் அதனோடு சேருகின்றன. திருகோணமலைப் பக்கமும் மன்னார்ப் பக்கமும் யாழ்ப்பாணமும் கண்டியும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. ஆனால் அந்த நெரிசல் எங்கே பிறக்கிறது என்று நின்று பார்த்தால் தெரியும். சந்தியில் வலப்பக்கம் திரும்பக் காத்து நிற்கும் ஒரு லொறி, பின்னால் வரும் அத்தனையையும் நிறுத்துகிறது. கடைக்கு முன்னால் இரட்டை வரிசையாக நிறுத்திய வாகனங்கள், இருக்கிற அகலத்தில் பாதியைத் தின்றுவிடுகின்றன. பஸ் ஒதுங்குவதற்குக் குடா இல்லாத இடத்தில் பஸ் நடுவீதியிலேயே நிற்கிறது. இந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டு வீதியை அகட்டினால், அகட்டிய பகுதி வாகனத் தரிப்பிடமாகும். அவ்வளவுதான்.

சந்திகளைப் பற்றிப் பொறியியலாளர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். நான்கு வீதிகள் சமதளத்தில் சந்திக்கும் ஒரு சாதாரண நாற்சந்தியில், ஒரு வாகனத்தின் பாதை இன்னொன்றின் பாதையோடு முட்டக்கூடிய புள்ளிகள் 32. முச்சந்தியில் 9. அதே நாற்சந்தியைச் சுற்றுவட்டமாக்கினால் 8. நெரிசலையும் மோதலையும் ஒரே நேரத்தில் குறைக்கும் வழி சந்தியைத் திருத்துவது. வலப்பக்கம் திரும்புவோருக்குத் தனித் தடம், சிறு சுற்றுவட்டம், ஒழுங்கான ஒளிச்சமிக்ஞை, பஸ் குடா ஆகியவற்றுக்கு ஆகும் செலவு, கிலோமீற்றர் கணக்கில் வீதியை அகட்டும் செலவோடு ஒப்பிடச் சிறியது. திறப்பு விழாவுக்கு மாலையும் மேளமும் வராது என்பது மட்டுந்தான் அதிலுள்ள குறை.

வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் தோழியரிடமே கேட்கிறோம். ரொறன்ரோவில் 401ஆம் இலக்கப் பெருந்தெரு சில இடங்களில் பதினெட்டுத் தடம்வரை அகலமானது. ஸ்காபரோவிலிருந்து வேலைக்குப் போகிறவர்கள் அதில் நிற்காமல் போய்ச் சேருகிறீர்களா? அமெரிக்காவின் ஹியூஸ்டனில் கேற்றி பெருந்தெருவை மிக அகன்ற இடத்தில் 26 தடமாக்கி 2008இல் முடித்தார்கள். சில ஆண்டுகளுக்குள் மாலைப் பயண நேரம் மறுபடி கூடியது. அகலமான வீதி புது வாகனங்களைக் கூப்பிடுகிறது. பஸ்ஸில் போனவர் கார் எடுக்கிறார், கிட்ட இருந்தவர் தூரத்தில் வீடு கட்டுகிறார். குளத்தின் வான் கதவைப் பெரிதாக்கினால் கீழே வாய்க்கால் உடையும் என்பது வன்னியில் பிறந்தவர்களுக்குத் தெரிந்ததுதானே.

தூரப் பயண வாகனங்களை நகரத்துக்கு வெளியே சுற்றுவழியால் அனுப்பலாம், அதிவேக நெடுஞ்சாலை வந்து இடைமாறல் அமைந்தால் எல்லாம் சரியாகும் என்றும் சிலர் சொல்கிறார்கள். தெற்கில் 2011இலும், மீரிகமவுக்கும் குருணாகலுக்கும் இடையே 2022இலும் அப்படியான வீதிகள் திறந்தன. அதில் உண்மை உண்டு. நீளத்துக்குப் போகிறவர்களையும் குறுக்கே போகிறவர்களையும் பிரித்துவிடுவதுதான் நல்ல தீர்வு. ஆனால் அதிவேக நெடுஞ்சாலையில் இடைமாறல் உள்ள இடத்தில் மட்டுமே ஏறலாம், இறங்கலாம். நடுவிலே வேலி. அந்த வேலிக்கு இரு புறமும் ஒரே குடும்பத்தின் வீடும் வயலும் இருக்கக்கூடும். கீழ்ப்பாதை எங்கே வரவேண்டும் என்று அவர்களைக் கேட்டுத்தான் வரைபடம் கீற வேண்டும்.

முறிகண்டியையும் மறக்க முடியாது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல், கச்சான் வாங்காமல் நம்மில் யார் அந்த இடத்தைக் கடந்திருக்கிறோம்? அந்தக் கச்சான் கடைகளால் எத்தனையோ அடுப்புகள் எரிகின்றன. அவற்றில் பல, போரில் துணையை இழந்த பெண்கள் தனியே நடத்தும் வீட்டு அடுப்புகள். வாகனங்களெல்லாம் வேறு வழியால் பறந்துவிட்டால் அவர்கள் யாருக்கு விற்பார்கள்? சுற்றுவழி வேண்டாம் என்பதல்ல எங்கள் கருத்து. அது வரும்போது தெருவோரக் கடைக்காரியும் திட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்பதே.

வன்னியில் குறுக்கே போவது மனிதர் மட்டுமல்ல, தண்ணீரும்தான். ஒரு குளம் நிரம்பி அடுத்த குளத்துக்கு வழியும் நாடு இது. ஊர்ப் பெயரெல்லாம் குளத்தில் முடிவது சும்மா அல்ல. வீதியை உயர்த்தி அகட்டும்போது பழைய மதகை அதே அளவில் விட்டால், வீதி அணைக்கட்டாகிவிடும். ஒரு பக்கத்து வயல் மூழ்கும், மறுபக்கத்து வயல் காயும். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் கதவுகள் திறந்து, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றதைக் கண்டவர்களுக்கு மதகின் அருமை தெரியும்.

அகட்டுவதென்றால் காணி வேண்டும். 1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டத்தின்படி நட்டஈடு கேட்பதற்கு முதலில் பத்திரம் வேண்டும். பல தடவை இடம்பெயர்ந்த சனத்திடம் அது எங்கே? வன்னியில் பலருடைய காணி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி. அந்தச் சட்டத்தின் பின்னுரிமை வரிசையில் நெடுங்காலம் மூத்த மகனுக்கே முதலிடம் இருந்தது. அண்மைய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டுள்ளது. ஆனாலும் அப்பாவின் பெயரிலேயே கிடக்கும் காணியில், தகப்பனையும் தமையனையும் இழந்த பின் தனியே கடை வைத்திருக்கும் பெண்கள் உண்டு. வீதி அகலும்போது முதலில் போவது அவர்களுடைய முன்முற்றம். அளவையாளர் வருமுன் தன் பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளும்படி ஒவ்வொருத்திக்கும் சொல்ல வேண்டியது படித்த பெண்களாகிய நமது பொறுப்பு. நமது சங்கத்தில் சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள், பிரதேச செயலகங்களில் பணியாற்றுகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் இதைக் கையேந்தியே கேட்கிறோம்.

இனி நமது வாசலுக்கு வருவோம். நூற்றாண்டு நினைவாக வீதியோரத்தில் பெரிய வளைவு கட்டுவோம் என்று சிலர் ஆசைப்படுகிறீர்கள். ஆசையில் பிழையில்லை. எங்கள் வேண்டுகோள், வளைவை எழுப்பும் முன் வாசலைப் பத்து மீற்றர் உள்ளே தள்ளுங்கள் என்பதே. அந்தப் பத்து மீற்றரில் இருநூறு பிள்ளைகள் வீதியில் கால் வைக்காமல் நின்று காத்திருக்கலாம். வளைவு அதற்கும் உள்ளே நிற்கட்டும். பாடசாலை வான்களும் ஓட்டோக்களும் முன்வாசலில் குவியாமல், பக்கத்து ஒழுங்கையில் நின்று பிள்ளைகளை ஏற்றட்டும். சிறிய வகுப்புகளைக் கால் மணித்தியாலம் முன்னதாக விடலாமா என்று அதிபர் அவர்களோடு பேசுவோம். இவற்றுக்கு எந்த அதிகார சபையின் அனுமதிக்கும் காத்திருக்கத் தேவையில்லை.

அதிகார சபையிடம் கேட்க வேண்டியதும் உண்டு. கடவையின் நடுவே ஒரு திட்டு. பிள்ளை பாதி வீதியைக் கடந்து அதில் நின்று, மறுபக்கம் பார்த்து மீதியைக் கடப்பாள். 14 செக்கன் இரண்டு ஏழு செக்கனாகும். கடவையையே சற்று உயர்த்திக் கட்டினால் வாகனம் தானாக மெதுவாகும். பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் 30 கிலோமீற்றர் எல்லை. மேம்பாலப் படிக்கட்டைப் பலர் சொல்வார்கள். முழங்கால் நோவுள்ள ஆச்சியும் சைக்கிள் தள்ளும் பிள்ளையும் அதில் ஏறமாட்டார்கள். கீழே ஓடித்தான் கடப்பார்கள், பிறகு பழியும் அவர்கள் தலையில்தான் விழும்.

இதைக் கேட்கப் போகும்போது நம் கையில் என்ன இருக்க வேண்டும்? எண்கள். வீதியை அகட்ட நினைப்பவர்களிடம் ஒரு நாளைக்கு எத்தனை வாகனம் போகிறது என்ற கணக்கு இருக்கும். எத்தனை பிள்ளைகள் கடக்கிறார்கள் என்ற கணக்கு நாம் எடுத்துக் கொடுத்தால்தான் உண்டு. எழுதப்படாத எண்ணிக்கை எந்த வரைபடத்திலும் ஏறாது. ஆகவே நூற்றாண்டின் முதல் பணியாக ஒரு சிறு வேலையை முன்வைக்கிறோம். ஒரு வாரத்தில் ஐந்து பாடசாலை நாட்கள். காலை 7.00 முதல் 7.30 வரையும், பிற்பகல் 1.30 முதல் 2.00 வரையும் வாசலில் நால்வர். ஒருவர் கடக்கும் பிள்ளைகளை எண்ணுவார். ஒருவர் வாகனங்களை எண்ணுவார். ஒருவர் கடவையில் நிற்காமல் போன வாகனங்களை மட்டும் குறிப்பார். நான்காமவர் ஒரு பிள்ளை எத்தனை செக்கன் காத்து நின்றாள் என்று மணிக்கூட்டைப் பார்ப்பார். கணித ஆசிரியைகளாக ஓய்வுபெற்ற அக்காமார் இதற்குத் தலைமை தாங்கட்டும். அந்தத் தாளை இணைத்து வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் மாநகர சபைக்கும் பொலிஸாருக்கும் எழுதுவோம். கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் பரந்தனிலும் வீதியோரப் பாடசாலைகளில் ஆசிரியைகளாக இருக்கும் நம்மவர்கள் அங்கும் இதைச் செய்யட்டும். நான்கு ஊர்க் கணக்கு ஒன்றாகப் போனால், அதை ஒரு பாடசாலையின் முறைப்பாடு என்று ஒதுக்கிவிட முடியாது.

கடல் கடந்து வாழும் தோழியருக்கு ஒரு சொல். நிதி அனுப்புகிறீர்கள், நன்றி. அதைவிடப் பெரிய உதவி ஒன்றும் உங்கள் கையில் உண்டு. விமான நிலையத்தில் இரவில் இறங்கி வானில் ஏறும்போது, சாரதி எத்தனை மணித்தியாலம் நித்திரை கொண்டார் என்று கேளுங்கள். வழியில் ஒரு தேநீருக்கு நிறுத்தச் சொல்லுங்கள். விடியுமுன் வீடு சேர வேண்டும் என்று அவசரப்படுத்தாதீர்கள். 2022 நவம்பரில் நொச்சிமோட்டையில் இரவு பஸ் கவிழ்ந்து மூவர் போனார்கள், அதில் ஒருத்தி பல்கலைக்கழக மாணவி. நாடு முழுவதும் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் வீதியில் சாகிறார்கள். போருக்குத் தப்பிய பிள்ளைகளையும், போரைக் காணாமல் பிறந்த பிள்ளைகளையும் வீதிக்குக் கொடுக்க நமக்கு மனம் வருமா?

வீதி அகலட்டும், நல்லதாகட்டும், நெரிசல் குறையட்டும். அதன் வரைபடம் மேசைக்கு வரும் நாளில், குறுக்கே போகும் பிள்ளைகளின் எண்ணிக்கையும் அதே மேசையில் இருக்க வேண்டும். அடுத்த தவணை தொடங்கும் முதல் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எண்ணத் தொடங்குகிறோம். வரக்கூடியவர்கள் செயலாளரிடம் பெயர் கொடுத்துவிட்டு, ஒரு பென்சிலும் குடையும் கொண்டு வாருங்கள்.